காலாண்டு மார்க்கைக் காட்டி டிசியை நீட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய மாதிரிப் பள்ளித் தலைமை ஆசிரியர் அவர்களுக்கும் மாவட்டக் கல்வி அதிகாரிகளுக்கும்,

வணக்கம். காலாண்டு விடுமுறை முடிந்து விடுதி திறந்த வாரத்தில், காலாண்டில் மார்க் குறைந்த பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் சிலருடைய வீடுகளுக்கு மட்டும் பள்ளியிலிருந்து போன் போனது. எதற்கு என்று உங்களுக்கே தெரியும். என் அக்கா வீட்டுக்கும் வந்தது. அக்காவும் மாமாவும் சம்பா நடவுக் கூலியை விட்டுவிட்டு, கடைமடையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, அலுவலக வாசலில் மதியம் வரை நின்றார்கள். அப்புறம் உள்ளே கூப்பிட்டு, ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகளின் மாற்றுச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ள விரும்புகிறேன்" என்று எழுதச் சொன்னார்கள்.

ஐயா, அந்தத் தாளைப் பற்றித்தான் இந்த மடல். அக்காவுக்கு எழுத வரும், வேகமாக வராது. பக்கத்தில் ஒருவர் நின்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சூழ்நிலையும் கிடையாது, மகள் பன்னிரண்டாவது முடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு பேரும் வெயிலில் குனிந்து கிடக்கிறார்கள். போகச் சொல்வது பள்ளி, விருப்பம் என்று எழுதிக் கொடுப்பது பெற்றோரா? நாளைக்கு மேலிடத்தில் யாராவது கேட்டால், நாங்கள் அனுப்பவில்லை, அவர்களே கேட்டு வாங்கிப் போனார்கள் என்று காட்ட அந்தத் தாள் ஃபைலில் இருக்கும். மாமா கையெழுத்துப் போடாமல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கு வந்தவர்களில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளையின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு.

மதிப்பெண்ணைக் காரணம் காட்டி நடுவில் டிசி கொடுப்பதை நிறுத்துங்கள். நாங்கள் கேட்பது இதுதான்.

அக்கா மகள் காலாண்டில் இயற்பியலில் எடுத்தது 70-க்கு 22. குறைவுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பொதுத்தேர்விலேயே எழுத்துத் தாளில் 15 எடுத்து, செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து 35 வந்தால் தேர்ச்சி. பத்தாவது வரை தமிழ்வழியில் படித்து ஊர்ப் பள்ளியில் முதலாவதாக வந்த பிள்ளைக்கு, இங்கே ஜூனில் திடீரென்று எல்லாம் ஆங்கிலம். இயற்பியலுக்கு நிரந்தரமாக ஆசிரியர் வந்ததே ஆகஸ்டில். செப்டம்பரில் தேர்வு வைத்து அக்டோபரில் போகச் சொன்னால், அவள் எப்போது படித்திருக்க வேண்டும்? பதினோராம் வகுப்புக்கு 2025-26 முதல் பொதுத்தேர்வும் கிடையாது. ஆக இந்த வருடத்து மார்க்கால் பள்ளியின் தேர்ச்சி விகிதத்துக்கு எந்தக் குறையும் வரப்போவதில்லை. அவள் பன்னிரண்டாவது எழுத இன்னும் முழுதாக ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது.

பழைய பள்ளிக்கே போகட்டும் என்று சொன்னார்களாம். அது உயர்நிலைப் பள்ளி. அங்கே பத்தாவதோடு சரி. பக்கத்து டவுனில் இருக்கும் மேல்நிலைப் பள்ளியில் பயோ-மேக்ஸ் பிரிவு ஜூனிலேயே நிரம்பிவிட்டது. அக்டோபரில் போனால் எந்தப் பிரிவில் காலி இருக்கிறதோ அதில்தான் உட்கார வைப்பார்கள். பயந்துபோய்க் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்த்தால் இன்னொரு இழப்பும் இருக்கிறது. மருத்துவப் படிப்பில் 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைக்க, பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உங்கள் ஒரு தாளால் அதுவும் போகும். இதையெல்லாம் அன்றைக்கு என் அக்காவுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

நூறு சதவீதம் என்று பேனர் கட்டுவதற்காகப் பிள்ளைகளைக் கழித்துக்கட்டும் பழக்கத்தைத் தனியார் பள்ளிகளில் நிறையப் பார்த்துவிட்டோம். காசு இருக்கிறவர்கள் வேறு பள்ளியைத் தேடிக்கொண்டார்கள். இது அரசாங்கம் நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே நம் வரிப்பணத்தில் தொடங்கியது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்திலேயே ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரத்தில் பிள்ளைகளுக்குச் சோறும் போட்டுப் பாடமும் சொல்லிக்கொடுத்த மண் இது. தேர்ந்தெடுத்துக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் நீங்கள். தேர்ந்தெடுத்த பிள்ளை தடுமாறினால் தூக்கிவிடுவதும் உங்கள் வேலைதான். வெளியே அனுப்புவதற்கு மாதிரிப் பள்ளி எதற்கு?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் இரவு பத்து மணி வரை விடுதியில் உட்கார்ந்து சந்தேகம் தீர்ப்பதை அவளே சொல்லியிருக்கிறாள், அவர்கள் மேல் எங்களுக்குக் குறை இல்லை. மேலிருந்து வரும் ரிசல்ட் நெருக்கடியும் தெரியும். அந்த நெருக்கடியைப் பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் இறக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

தயவுசெய்து, மார்க் குறைந்த யாருக்கும் படிப்பு முடியும் முன் டிசி கொடுக்காதீர்கள். இதை வாய்வார்த்தையாகச் சொல்லாமல் சுற்றறிக்கையாகவே அனுப்புங்கள். எழுதி வாங்கிய தாள்களை ரத்து செய்து, போன பிள்ளைகளை அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் திரும்பக் கூப்பிடுங்கள். தமிழ்வழியில் வந்தவர்களுக்கு மாலையில் ஒரு மணி நேரம் இயற்பியல், வேதியியல் பாடங்களைத் தமிழிலும் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். நேரில் வந்து பேசச் சொன்னால் வருகிறோம். நடவு முடியும் வரை ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் அக்காவும் மாமாவும் வர முடியும்.

இப்படிக்கு,
பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்மாமன்