தொகுதி வாக்குறுதியோடு துறையின் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டமன்ற வேட்பாளர்கள் வீடு வீடாகக் கொடுக்கும் துண்டறிக்கைகளில் மேம்பாலம், அரசுக் கல்லூரி, ஏரி தூர்வாருதல், தார்ச்சாலை, தெருவிளக்கு எல்லாம் ஒரே வரிசையில் இருக்கின்றன. எந்த வேலை எந்தத் துறையுடையது, பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அது இல்லாத வாக்குறுதியை ஐந்து ஆண்டு கழித்து யாரிடமும் கேட்க முடியாது.

உறுப்பினர் தாமே பணிகளைத் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைக்கக்கூடிய பணம் தொகுதி மேம்பாட்டு நிதிதான். ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், ஐந்து ஆண்டுக்கு 15 கோடி. அதற்கும் மாவட்ட ஆட்சியரின் நிர்வாக அனுமதி தேவை. அங்கன்வாடி, ரேஷன் கடை, வகுப்பறை, சிறுபாலம் போன்றவற்றுக்கு அது உதவும். மேம்பாலத்துக்கும் கல்லூரிக்கும் துறைக்குப் பேரவை ஆண்டுதோறும் ஒதுக்கும் நிதியான மானியத்தில் இடம் பிடிக்க வேண்டும்.

ரயில்வே மேம்பாலத்தையே பாருங்கள். ஒரு நாளில் ரயில்வே கேட்டைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை, அங்கே கடக்கும் சாலை வாகனங்களை வகைக்கேற்ப எண்ணும் வாகன அலகுகளால் பெருக்கி வரும் எண் 1 லட்சத்தைத் தாண்டுகிறதா என்பதை வைத்தே வழக்கமாக அந்த இடத்தின் தேவை எடைபோடப்படுகிறது. தண்டவாளத்துக்கு மேலுள்ள பகுதியை ரயில்வே கட்டும், இருபுற அணுகுசாலையை மாநில நெடுஞ்சாலைத் துறை கட்டும். பல இடங்களில் நடுப்பகுதி மட்டும் எழும்பி நிற்பதற்குக் காரணம் அணுகுசாலைக்கான நில எடுப்பு முடியாததுதான். உறுப்பினரின் வேலை இங்கேதான் இருக்கிறது. நில எடுப்புக்குத் தனி வட்டாட்சியரைப் போட வைப்பதும், இழப்பீட்டுப் பணத்தை விடுவிக்க வைப்பதும் அவரால் ஆகும். "பாலம் கட்டுவேன்" என்பதைவிட "இரண்டு ஆண்டுக்குள் நில எடுப்பை முடிக்க வைப்பேன்" என்பதே பொறுப்பான வாக்குறுதி.

ஏரியிலும் இதே குழப்பம். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு (ஏரி நீர் பாயும் நிலப்பரப்பு) உள்ள ஏரிகள் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. பெரியவை நீர்வளத் துறையுடையவை. வேட்பாளர் தூர்வாருவதை மட்டும் சொல்கிறார். வரத்து வாய்க்கால் அடைபட்டிருந்தால் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் ஏரி நிரம்பாது. மதகும், உபரி நீர் வழியும் கலுங்கும் பழுதாக இருந்தால் நிரம்பிய நீரும் நிற்காது. ஆக்கிரமிப்பு இருந்தால் முதலில் நில அளவை, எல்லைக்கல், பிறகு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி நோட்டீஸ். இந்த வரிசையை மாற்றினால் வேலை நீதிமன்றத்தில் போய் நிற்கும்.

சாலையும் ஒரே துறையுடையது அல்ல. ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாநில நெடுஞ்சாலைத் துறை, தேசிய நெடுஞ்சாலை என்று ஒவ்வொன்றுக்கும் தனி அலுவலகம், தனி நிதி. தெருவிளக்கும் சாக்கடையும் உள்ளாட்சியின் வேலை. அவற்றைச் சட்டமன்ற வேட்பாளர் தம் பெயரில் எழுதிக்கொள்வது ஊராட்சித் தலைவரின் பொறுப்பை மறைக்கிறது.

பேரவைக்குள் என்ன செய்வார் என்பதுதான் துண்டறிக்கையில் அறவே இல்லாதது. கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, மானியக் கோரிக்கையின் தொகையைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானம், மனுக்கள் குழு எல்லாம் எதிர்க்கட்சி உறுப்பினருக்கும் உண்டு. அமைச்சர் அவையில் கொடுத்த உறுதி நிறைவேறியதா என்று பார்க்க அரசு உறுதிமொழிக் குழுவே இருக்கிறது. அதை ஒரு வேட்பாளராவது மேடையில் சொல்ல வேண்டாமா?

2013இல், தேர்தல் இலவச வாக்குறுதிகள் பற்றிய சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, தேர்தல் ஆணையம் நடத்தை விதிகளில் தேர்தல் அறிக்கைக்கென ஒரு பகுதியைச் சேர்த்தது. வாக்குறுதிக்கான காரணத்தையும் நிதி திரட்டும் வழியையும் அறிக்கை காட்ட வேண்டும் என்கிறது அது. கட்சியின் அறிக்கைக்கே இந்த எதிர்பார்ப்பு இருக்கும்போது, தொகுதித் துண்டறிக்கைக்கு அதைவிடக் குறைவாகக் கேட்க நியாயமில்லை.

தங்கள் நாளிதழ் வெளியிடும் தொகுதி வலம் பகுதியில், ஒவ்வொரு வேட்பாளரிடமும் முதல் மூன்று வாக்குறுதிகளுக்கு மட்டும் துறை, நிதித் தலைப்பு, முடிக்கும் ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு அட்டவணையாக வெளியிட வேண்டுகிறேன். பதில் தராதவரின் கட்டத்தை வெற்றாகவே விட்டு அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர்,
விழுப்புரம் மாவட்டம்