செவிலியர்கள் ஏன் விமானம் ஏறுகிறார்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். செவிலியர் கல்லூரியில் நெடுங்காலம் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். என் மாணவியரில் பலர் இன்று சவுதியிலும் அயர்லாந்திலும் ஜெர்மனியிலும் பணிபுரிகிறார்கள். பணத்தாசையால் போனவர்கள் என்று அவர்களைப் பேசுவது நியாயமன்று. அயல்நாட்டுச் சம்பளம் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே நிலையான வேலை கிடைத்திருந்தால் அவர்களில் பலர் கடவுச்சீட்டுக்கே விண்ணப்பித்திருக்க மாட்டார்கள்.

2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் முறைப்படி தேர்வு நடத்தி, ஆயிரக்கணக்கான செவிலியர்களை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் (படிகள் இல்லாத ஒரே தொகைச் சம்பளத்தில்) பணியமர்த்தியது. இரண்டு ஆண்டுகளில் நிரந்தரப் பணிக்குரிய காலமுறை ஊதியம் வந்துவிடும் என்று நம்பிச் சேர்ந்தவர்களில் பலர், அந்த இரண்டு ஆண்டுகள் கடந்து வெகுகாலம் ஆகியும், நிரந்தரச் செவிலியருக்கு இணையாக நைட் டியூட்டி பார்த்துக்கொண்டு அதே தொகுப்பூதியப் பட்டியலில்தான் இருந்தார்கள். கொரோனா காலத்தில் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டவர்களோ 2022 இறுதியோடு விடுவிக்கப்பட்டார்கள். பெருந்தொற்றின்போது கை தட்டிப் பாராட்டப்பட்டவர்களும் இவர்கள்தாம் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தனியார் மருத்துவமனைகளின் நிலை இதைவிட மோசம். உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு உத்தரவையடுத்து அமைக்கப்பட்ட குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் செவிலியருக்குக் குறைந்தது 20,000 ரூபாய் தர வேண்டும் என்றும், 200 படுக்கைக்கு மேற்பட்டவை அரசுச் செவிலியருக்கு இணையாக வழங்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அதன்பின் படித்து முடித்த என் மாணவியர் சிலர் அதில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தார்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, பாண்ட் காலம், அதாவது விலகாமல் பணிபுரிவதாக எழுதிக் கொடுத்த காலம், முடியும்வரை திருப்பித் தராத நிர்வாகங்களும் உண்டு. மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்று போதனா மருத்துவமனைக்கான விகிதத்தை வகுப்பில் எழுதிப் போடுவேன். அந்த விகிதம் எட்டாத வார்டை நினைத்து மாணவியர் சிரிப்பார்கள்.

இன்னொரு முரணையும் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். 1978இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் செவிலியர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் பணியைச் செய்கிறது. முகவர்களிடம் இலட்சக்கணக்கில் ஏமாறாமல் அவர்களைக் காக்கும் ஏற்பாடு அது, வரவேற்கிறேன். ஆனால் அனுப்பி வைக்க ஒரு நிறுவனம் நடத்தும் அரசு, தங்க வைப்பதற்கும் அதே முனைப்பைக் காட்ட வேண்டாமா?

எனவே பணி நிரந்தரம் எந்தத் தேதியில் என்பதை நியமன ஆணையிலேயே குறிப்பிடுங்கள். அந்தக் குழுவின் ஊதியப் பரிந்துரையைத் தனியார் மருத்துவமனைகளின் உரிமப் புதுப்பிப்போடு இணையுங்கள். அசல் சான்றிதழை முடக்குவதைத் தண்டனைக்குரியதாக்குங்கள். பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவோ பிள்ளைகளின் படிப்புக்காகவோ ஊர் திரும்பும் செவிலியரின் அயல்நாட்டு அனுபவத்தை அரசுப் பணி நியமனத்தில் கணக்கில் கொள்ளவும், அவர்களுக்கு வயது வரம்பைத் தளர்த்தவும் அரசாணை பிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் பயிற்றுநர் ஒருவர்