புது சர்வர் வாங்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

ரிப்போர்ட் வரத் தாமதமானால் சர்வரை மாற்றச் சொல்லும் கட்டுரையை உங்கள் வணிகப் பக்கத்தில் படித்தேன். கரூரில் நாலு கிளை உள்ள துணிக்கடையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்களிடமும் ஒருவர் வந்து நாலு லட்சத்துக்குக் கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போனார்.

ஐந்து வருட பில்கள், 60 லட்சம் வரிகள். ரகவாரியாக விற்பனை கேட்டால் ஒன்பது நிமிடம் ஆகும். பில் போடும் எங்கள் டேட்டாபேஸ் வேலை செய்யும் விதம் அப்படி. குடோனிலிருந்து ஒரு துண்டை எடுத்து வந்து, எண்ணி, எழுதிவிட்டு, அடுத்த துண்டுக்கு மறுபடி நடப்பது போல ஒவ்வொரு வரியாக எடுத்துக் கணக்கிடும். வரியில் 40 விவரம் இருக்கும், எனக்கு வேண்டியது மூன்றுதான்.

துண்டுகளைக் கட்டாகக் கொண்டுவரும் வழியை 2005-இல் ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு மையத்தில் பீட்டர் போன்ஸ் குழுவினர் மோனெட்டிபி/எக்ஸ்100 என்ற பெயரில் செய்து காட்டினார்கள். அதே மையத்தில் பிறந்த டக்டிபி என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இலவசம். தேவையான பத்தியை (ஒரே விவரம் வரிசையாக இருக்கும் காலம்) மட்டும் படித்து, 2048 மதிப்புகளை ஒரு கட்டாக எடுக்கும். இந்தக் கட்டுக்கு வெக்டார் என்று பெயர். அந்த அளவு சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான கேஷ் நினைவகத்திலேயே அடங்கிவிடும். கட்டாக வந்தால் சிப்பும் சேர்த்துக் கூட்டும்: ஒரே கட்டளையில் நாலு எண்களைக் கூட்டும் வசதி 2000-இல் வந்த பென்டியம் 4 சிப்பிலேயே உண்டு. 2013-இல் வந்த ஹாஸ்வெல் சிப்களில் எட்டு. காசு கொடுத்து வாங்கிய அந்த வசதி எங்கள் பழைய ஐ5 சிப்பில் சும்மா கிடந்தது!

பில் வரிகளை சி.எஸ்.வி. கோப்பாக எடுத்து டக்டிபியில் ஏற்றினேன். ரிப்போர்ட் இரண்டே விநாடியில் வந்தது. வெக்டார் மட்டும் காரணமல்ல, பத்திவாரியாகப் படிப்பதும் சிப்பில் கணக்கிடும் பகுதிகளான நாலு கோரும் சேர்ந்து உழைப்பதும் காரணம். பில் போடும் வேலைக்கு இது தோதுப்படாது. அதற்குப் பழைய டேட்டாபேஸ்தான்.

முதலாளி நம்பவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ரிப்போர்ட்டையும் எடுக்கச் சொன்னார். சரி, எடுத்தேன். ஒரு பைசா இடித்தது! தொகைப் பத்தியைக் கோப்பிலிருந்து டபுள் வகையாக, அதாவது பைசாவைத் தோராயமாக வைக்கும் எண் வகையாக, டக்டிபி எடுத்துக்கொண்டிருந்தது. டபுளில் கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கம் ஆடும். பைசாவைத் துல்லியமாக வைக்கும் டெசிமல் வகைக்கு மாற்றியதும் பைசா சுத்தமாகச் சேர்ந்தது. அப்புறம்தான் கொட்டேஷனை மடித்து மேசை டிராயரில் போட்டார்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு ஊழியர், கரூர்