இரண்டு சீரியல், ஒரே பந்தி: மன்னார்குடித் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

காது கேளாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கு வேன் வாங்க, உங்கள் யூடியூப் சீரியலும் கும்பகோணத்துக்காரர்களின் சீரியலும் சேர்ந்து ஒரு சிறப்புப் பகுதி எடுக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டோம். நல்ல காரியம். ஆனால் "மகா சங்கமம்தானே, டிவியில் மாசத்துக்கு ஒன்று வருதே" என்று நீ லேசாகச் சொன்னதாகவும் தெரிந்தது. அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

மகா சங்கமம் என்பது ஒரே சேனலின் இரண்டு சீரியல் சேர்வது. முதலாளி ஒருவர், கல்லாப்பெட்டி ஒன்று. நீங்கள் செய்யப்போவது பகையாளிகள் சேர்கிற வேலை. அதற்கு முன்மாதிரி இங்கிலாந்தில் இருக்கிறது. 1960-இல் தொடங்கிய கொரோனேஷன் ஸ்ட்ரீட் என்ற சீரியல் ஐடிவி என்கிற தனியார் சேனலின் சொத்து. 1985-இல் வந்த ஈஸ்ட்எண்டர்ஸ் சீரியல் அதன் போட்டியாளரான பிபிசியின் சொத்து. ஒன்று 50 வயதையும் மற்றது 25 வயதையும் தொட்ட 2010-ஆம் வருடம், நவம்பர் 19 அன்று, ஈஸ்ட் ஸ்ட்ரீட் என்ற சின்னப் பகுதியில் இரண்டு ஊர்ப் பாத்திரங்களும் சந்தித்தார்கள். பெயரையே ஆளுக்குப் பாதியாகப் பிய்த்து ஒட்டியிருக்கிறார்கள், பார். சில்ட்ரன் இன் நீட் என்கிற நிதி திரட்டும் நிகழ்ச்சி பிபிசியுடையது என்பதால் அது 'பிபிசி ஒன்' சேனலில்தான் ஒளிபரப்பானது. அதாவது ஐடிவியின் பாத்திரங்கள் எதிர்வீட்டு வாசலில் போய் நின்றார்கள்.

உங்களுக்கும் முதல் சிக்கல் அதுதான்: யார் சேனலில் போடுவது? இரண்டிலும் ஏற்றினால் பார்வையும் சிதறும், பணக் கணக்கும் குழம்பும். பள்ளியின் பெயரில் புதுச் சேனல் தொடங்கி அங்கே போடுவதே மேல். 1,000 சந்தாதாரர், 4,000 மணிநேரப் பார்வை என்ற வரம்பைத் தாண்டாத சேனலுக்கு விளம்பரக் காசு வராதுதான். வராமல் போகட்டும். வேன் நன்கொடையில்தான் வாங்கப்போகிறோம். விளம்பரக் காசு வந்தால் அதைப் பங்கு பிரிப்பதில் ஒரு சண்டை மிச்சம். இரண்டு குழுவும் தத்தம் சேனலில் 40 நொடி முன்னோட்டம் மட்டும் போட்டு, முழுப் பகுதிக்கு இணைப்புக் கொடுங்கள்.

கதை 7 பக்கத்தைத் தாண்டக் கூடாது. பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள். குழுவுக்கு நாலு பேராக மொத்தம் 8 பாத்திரம். வசனத்தை எண்ணிப் பார். ஒரு குழுவுக்கு 30, மறு குழுவுக்கு 18 என்றிருந்தால் ஒத்திகையிலேயே முகம் சுருங்கும். எழுத்தாளர் இருவர் இருக்கட்டும். அவரவர் பாத்திரத்தின் பேச்சை அவரவரே எழுத வேண்டும். உங்கள் வில்லி மாமியாரை "அத்தே" என்று இழுப்பாளா, "அத்தை" என்று கடிப்பாளா என்பது கும்பகோணத்துக்காரருக்குத் தெரியாது, பார்க்கிறவர்களுக்குத் தெரியும். படத்தொகுப்பு மட்டும் ஒரே கையில் இருக்கட்டும்.

கல்யாணம், சாவு, "உன் நிஜ அப்பா யார் தெரியுமா" வகையறா எதையும் இதில் தொடாதே. நாளைக்கு இரண்டு சீரியலும் தனித்தனியே ஓடியாக வேண்டும். ஒரு பக்கத்து வில்லி மறு பக்கத்து வில்லியிடம் தோற்கவும் கூடாது. கடைசிக் காட்சியில் இரண்டு குடும்பமும் கட்டிப்பிடித்து அழுவதாக நீ எழுதியிருப்பதாகக் கேள்வி. அதை எடுத்துவிடு. சண்டையைப் பார்க்கத்தான் சனம் வரும்; அது தீராமல் இருக்கிறபோதே 'நன்கொடை தாருங்கள்' என்ற அறிவிப்பு வர வேண்டும்.

களம் ஒன்று சொல்கிறோம். ஒரே முகூர்த்தத்துக்கு ஒரே மண்டபத்தை இரண்டு குடும்பத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார் மேனேஜர். நம்ம பக்கம் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. கல்யாணம் இல்லாத மாதத்தில் மண்டபம் சும்மா கிடக்கும், கேட்டால் மின்சாரக் காசோடு விடுவார்கள். ஆடியா மார்கழியா என்றால் மார்கழி. ஆடியில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி நாள் முழுக்க ஓடும், ஒரு வசனமும் தேறாது. மார்கழியில் விடியற்காலைப் பாட்டோடு பெரும்பாலும் அடங்கிவிடும். 9 மணிக்குத் தொடங்கலாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்.

கேமராவில் பிடிவாதம் வேண்டாம். இரண்டு குழுவும் ஆளுக்கொன்று கொண்டுவந்தால் நிறம் ஒட்டாது. ஒரே மாதிரி கேமரா, நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் வேகம் நொடியில் 50-இல் ஒரு பங்கு. நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 30 பிரேம், 60-இல் ஒன்று என்று வைத்தால் மண்டபத்து டியூப்லைட் படத்தில் துடிக்கும். எடிட்டிங்கில் அதைச் சரிசெய்யப் பாடாய்ப் படவேண்டும். காலர் மைக்கைப் பட்டுப்புடவையின் மடிப்புக்குள் குத்தினால் சரசரப்புத்தான் பதிவாகும். ஜாக்கெட் ஓரத்தில் டேப் போட்டு ஒட்டு.

எழுத்தில் வைக்க வேண்டியவை: யாருக்கும் சம்பளம் கிடையாது, துண்டுக் காட்சியை எந்தக் குழுவும் தன் விளம்பரத்துக்கு எடுக்கக் கூடாது, மூலப்பதிவு பள்ளியிடம் இருக்கும். 1993-இல் பிபிசியின் அறிவியல் கற்பனைத் தொடரான டாக்டர் ஹூவும் ஈஸ்ட்எண்டர்ஸும் அதே சில்ட்ரன் இன் நீட் நிகழ்ச்சிக்காகச் சேர்ந்தபோது நடிகர்கள் இலவசமாக நடித்தார்கள். அதனாலேயே அது கடையில் வீடியோவாக விற்பனைக்கு வரவில்லை. இலவசம் என்றால் எதுவரை இலவசம் என்று முன்பே பேசிவிட வேண்டும். உங்கள் விளம்பரதாரர் ஒரு ஜவுளிக்கடை, அவர்களுடையது எதிர்க்கடை. இரண்டு பெயரும் திரையில் வேண்டாம். டைட்டில் பாட்டுக்கு இசையமைத்தவரின் எழுத்துமூல அனுமதியும் வேண்டும்.

பணத்துக்கு வருவோம். க்யூஆர் பள்ளி அறக்கட்டளையின் கணக்குக்கே போக வேண்டும், உன் ஜிபேக்கு இல்லை. கணக்கின் பெயரையும் திரையில் காட்டு; எவனாவது க்யூஆரை மாற்றி மறுபதிவு போட்டால், ஸ்கேன் செய்யும்போது வரும் பெயரை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். 80ஜி என்று சொல்கிற வருமான வரிச்சலுகை ரசீது கேட்பவர்கள் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிச்சலுகை கிடைக்காது என்று முன்பே சொல்லிவிடு. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க அனுமதிக்கிற எஃப்சிஆர்ஏ பதிவு பள்ளிக்கு இல்லாவிட்டால் வாங்கக் கூடாது. இந்திய பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அந்தத் தடை இல்லை.

ஒன்று உறைக்கச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்காக எடுக்கிற படத்தை அந்தப் பிள்ளைகளால் பின்தொடர முடியாமல் போனால் வெட்கக்கேடு. ஒவ்வொரு வசனமும் எழுத்தாகத் திரையிலேயே இருக்கட்டும், வரிக்கு நாலைந்து சொல். யூடியூப் தானாகப் போடுவதை நம்பாதே, நம்ம வட்டாரப் பேச்சில் உளறும். மூலையில் சைகைமொழி பேசுபவருக்கும் இடம் விடு. அந்த மூலையில் முகம் எதுவும் வராதபடி முதலிலேயே ஷாட் வைக்க வேண்டும்.

பந்திக் காட்சியைக் கடைசியில் எடு. ஒவ்வொரு டேக்குக்கும் புது இலை வேண்டும்: பந்தியில் 6 பேர், 5 டேக் என்றால் 30 இலை, கிழிவதற்குச் சேர்த்து 40 சொல்லிவை. அப்பளத்தை 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன்னால்தான் வைக்க வேண்டும், நமத்துப்போனால் உடைகிற சத்தம் வராது. சாம்பாரை ஊற்றாமல் வாளியோடு நிறுத்து. விளக்குச் சூட்டில் இலையில் காய்ந்தால் அடுத்த டேக்கோடு ஒட்டாது. சமையல்காரரிடம் பாயசம் மட்டும் தனியாக எடுத்துவைக்கச் சொல், அது படத்துக்கு இல்லை.

அன்புடன்,
தஞ்சாவூரிலிருந்து உன் அண்ணன்மார்