படகுத் தளத்துக்கு வழுக்காத சாயம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மழை கொஞ்சம் ஓய்ந்ததும் நம் மலேசியப் பேராக்கின் ஊத்தான் மெலிந்தாங் ஆற்றோரத்தில் படகுகள் கரையேறத் தொடங்கிவிட்டன. தோட்டங்களிலிருந்து வரும் தம்பிகளும் அண்ணன்மாரும் கடையில் கேட்பது ஒன்றேதான்: “வழுக்காத சாயம் ஒரு டின் கொடுங்க, நாளைக்கு அடிச்சிட்டு மறுநாள் தண்ணியில இறக்கணும்.” நாங்களோ உடனே எடுத்துக் கொடுக்காமல் நாலு கேள்வி கேட்கிறோம். சாயத்தில் சேர்க்கப் பொட்டலம் கட்டி விற்றுவந்த கடற்கரை மணலையும் நிறுத்திவிட்டோம். இதில் சிலருக்கு வருத்தம் என்று தெரியும். காரணத்தைச் சொல்லிவிடத்தான் இந்த மடல்.

தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் ஓர் அண்ணன், நம் பழைய வாடிக்கையாளர். விடுமுறை நாளில் பைபர் சம்பானை, அதாவது சிறு படகை, எடுத்துக்கொண்டு பெர்ணம் ஆற்றில் இறாலுக்குப் போவார். போன வருஷம் அவர் படகுத் தளத்துக்கு நம் கடைப் பையன்தான் சாயம் அடித்தான். ஆற்றுத் தண்ணீரை மொண்டு ஊற்றிக் கழுவி, ஒரு மணி நேரம் வெயிலில் காயவிட்டு அடித்துவிட்டான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டாவது மாதம் முன்பக்கம் கொப்புளம் கிளம்பியது. நங்கூரம் போட அவர் காலை ஊன்றியபோது உள்ளங்கை அகலத்துக்குச் சாயம் பெயர்ந்து காலோடு வந்துவிட்டது. விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

கட்டுப் போட்ட கையோடு கடைக்கு வந்தார். திட்டவில்லை. பெயர்ந்த துண்டை மேசைமேல் வைத்தார், அவ்வளவுதான். எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மேல்பக்கம் சொரசொரவென்று கெட்டியாக இருந்தது, அடிப்பக்கம் முழுக்க வெள்ளை மாவு. வெயிலில் வெந்த பைபர் தளத்தின் மேல் படியும் மாவுதான் அது. சாயம் படகைப் பிடிக்கவே இல்லை, மாவைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. தவறு எங்களுடையது. அந்தத் துண்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சாயம் கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

வழுக்காத சாயம் என்பது தனி மாயம் ஒன்றும் இல்லை. தளத்துக்கு அடிக்கும் சாயம்தான், அதில் மணல் மாதிரியான குருணை சேர்கிறது. குருணை துருத்திக்கொண்டு நிற்பதால் கால் பிடிக்கிறது. ஆனால் அடியில் உப்போ எண்ணெயோ மாவோ இருந்தால் குருணை எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. பெர்ணம் ஆற்றில் கடல் ஏற்றம் உள்ளே வரை வரும். அந்தத் தண்ணீரில் கழுவினால் உப்பு தளத்திலேயே தங்கிவிடும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் சாயத்தைக் கொப்புளமாகத் தூக்கும். ஆகவே குழாய்த் தண்ணீர்தான். சவர்க்காரம் போட்டுத் தேய்த்து இரண்டு தடவை அலசுங்கள். அப்புறம் இஞ்சின் எண்ணெய், மீன் கொழுப்பு எல்லாம் போகத் தீனர் துணியால் துடையுங்கள். அதற்குப் பிறகுதான் 80 அல்லது 120 ஆம் எண் உப்புத்தாள். முதலிலேயே உப்புத்தாள் போட்டால் எண்ணெயைத் தளத்துக்குள்ளேயே தேய்த்து இறக்கிவிடுவோம்.

போதுமா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. தேய்த்த தூளைத் துடைத்துவிட்டு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். சேம்பு இலையில் நிற்கிற மாதிரி முத்து முத்தாக நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. பாய் விரித்த மாதிரி பரவினால் சரி, காயவிட்டு சாயத்துக்குப் போகலாம்.

மணலை நிறுத்தியதற்கும் உப்புதான் காரணம். கடற்கரை மணலைச் சலித்து நாமும் விற்றோம், இனி விற்க மாட்டோம். எவ்வளவு அலசினாலும் உப்பு முழுக்கப் போனதா என்று கண்ணால் சொல்ல முடியாது. இப்போது கழுவி உலர்த்திய சிலிக்கா மணலும் பிளாஸ்டிக் குருணையும் வைத்திருக்கிறோம். முழங்கால் போட்டு வலை பிரிக்கும் இடத்துக்குப் பிளாஸ்டிக் குருணை போதும், தோலைக் கீறாது, வலை நூலையும் அறுக்காது. ஏறி இறங்கும் முன்பக்கத்துக்கு மட்டும் சொரசொரப்பான மணல் போடுங்கள். சாயத்தில் கலந்து அடித்தால் குருணை தட்டின் அடியில் தங்கிவிடும், கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்குப் பிடித்தது தூவும் முறை. முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே, மூடியில் துளை போட்ட டப்பாவால் தளம் மறையும்வரை தூவி, காய்ந்ததும் ஒட்டாததைப் பெருக்கிவிட்டு மேலே இன்னொரு பூச்சு. கொக்கி, மூடி, ஓரம் இவற்றைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குக் குருணை இல்லாமல் விடுங்கள். அழுக்கு தங்காது, ஓரம் மறைக்க ஒட்டிய டேப்பும் சுத்தமாக உரியும். சாயம் முழுதும் காயும் முன்பே டேப்பை எடுத்துவிடுங்கள்.

நேரம்தான் அடுத்த சிக்கல். விடியற்காலையில் நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், சாயத்துக்கோ 85க்குக் கீழே வேண்டும். செம்பனை நிழலில் நிறுத்திய படகு ஒன்பது மணிவரை பனியில் நனைந்தே இருக்கும். மதியத்துக்குமேல் தளம் காலைச் சுடும், அப்போது ரோலர் இழுபடும், சாயம் குமிழியிடும். பத்திலிருந்து ஒரு மணிக்குள் முடிப்பது நல்லது. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் மாலை இடிமழை அடிக்கடி வருவதால் கூரை இல்லாமல் தொடங்க வேண்டாம்.

இரண்டு டின் கலக்கும் பாலியூரித்தேன் சாயம் நெடுநாள் உழைக்கும். ஆனால் பழைய ஒற்றை டின் சாயத்தின்மேல் அதை அடித்தால் பழையது பாலாடை மாதிரி சுருங்கி எழும்பிவிடும். இரண்டு டின் சாயத்துக்குரிய தீனரில் நனைத்த துணியைப் பழைய சாயத்தின்மேல் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். இளகினால் ஒற்றை டின்னே வாங்குங்கள், இரண்டு டின் சாயம்தான் வேண்டுமென்றால் பழையதைச் சுரண்டி எடுத்தாக வேண்டும். கலக்கும் சாயத்தின் ஹார்ட்னர், அதாவது சாயத்தை இறுகவைக்கும் இரண்டாவது டின், மூச்சுக்குழாயைப் பாதிக்கும். திறந்த வெளியில், கையுறையோடு, ரோலரால் மட்டும் அடியுங்கள். மூச்சிழுப்பு உள்ளவர்கள் பக்கத்தில் வரவே வேண்டாம்.

நிறத்துக்கு வெளிர் சாம்பலோ சந்தன நிறமோ எடுங்கள். வெள்ளை கண்ணைக் கூசும், கருமை காலைச் சுடும்.

வரும்போது தளத்தை அளந்து வாருங்கள். 4 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் என்றால் இரண்டு பூச்சுக்கு 12 சதுர மீட்டர். குருணை சாயத்தை அதிகம் குடிக்கும் என்பதால் இரண்டு லிட்டர் வைத்துக்கொள்ளலாம். பெயர்ந்த பழைய சாயத் துண்டு இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், அடிப்பக்கத்தைப் பார்த்தே பாதி விஷயம் சொல்லிவிடலாம். கழுவவும் காயவும் தேய்க்கவும் அடிக்கவும் நாலு நாளாவது ஆகும். கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு நாள் முழுக்கக் கால் வைக்காதீர்கள், வலை, மீன்பெட்டி ஏற்ற ஒரு வாரம் பொறுங்கள். படகைக் கொண்டுவர முடியாதவர்கள் சொல்லி அனுப்பினால் தோட்டத்துக்கே வந்து பார்க்கிறோம், பார்ப்பதற்குக் காசு இல்லை. அந்த அண்ணனின் சம்பானை அப்படித்தான் முதலில் போய்ப் பார்த்தோம். மறுபடி முழுக்கச் சுரண்டி, எங்கள் செலவில் அடித்துக் கொடுத்திருக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் சாயக்கடைக்காரர்