கொட்டையும் குச்சியும் கைக்கு வரட்டும்

ஐயா,

அரசுப் பள்ளிகளில் சிறு வகுப்புக் குழந்தைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்புகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் தொடங்கிய இத்திட்டத்தின் உயிரே செய்துபார்த்துக் கற்பதுதான். ஆனால் கற்றல் பொருள்கள் பீரோவில் பத்திரமாக இருந்து, பார்வையிட அதிகாரி வரும் நாளில் மட்டும் வெளியே வந்தால் என்ன பயன்? கடன் வாங்கிக் கழிப்பதைக் கரும்பலகையில் எத்தனை முறை போட்டாலும் என் வகுப்பில் பாதிப் பேர் விழிப்பார்கள். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்தேன். 42-இல் 17 போக வேண்டுமா, ஒரு கட்டை அவிழ்த்து உதிரி இரண்டோடு சேர்த்தால் கையில் பன்னிரண்டு குச்சி. அதில் ஏழை எடு, அப்புறம் ஒரு முழுக் கட்டை எடு. மீதி 25 என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புளி உலுக்கும் பருவத்தில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமே இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவினர் அப்போதே சேகரித்து, கழுவிக் காயவைத்து, எண்ணிப் பழகக் குழந்தைக்கு ஒரு பையாகக் கொடுத்துவிடலாம். மூக்கில் போட்டுக்கொள்ளும் வயதுதான், ஆகவே ஒன்றாம் வகுப்புக்கு மட்டும் மாங்கொட்டை போதும்!

– ஓய்வுபெற்ற ஆசிரியை, பாலக்கோடு