‘ஒருங்கிணைப்பு’ அன்று, ‘தன்மயமாக்கல்’

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கனடாவின் உறைவிடப் பள்ளிகளைப் பற்றிய தமிழ்ச் செய்திகளில் ‘அசிமிலேஷன்’ என்னும் சொல்லைப் பல நேரங்களில் ‘ஒருங்கிணைப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழியில் பேசியதற்காகத் தண்டித்த ஒரு கொள்கைக்கு இந்த இதமான பெயர் சற்றும் பொருந்தாது. 2008 ஜூன் 11 அன்று நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரிய அன்றைய பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர், அக்குழந்தைகளை ஆதிக்கப் பண்பாட்டுக்குள் கரைப்பது அப்பள்ளிகளின் முதன்மை நோக்கங்களுள் ஒன்று என்று ஒப்புக்கொள்ளும்போது கையாண்டதும் ‘அசிமிலேஷன்’ என்னும் சொல்லின் வினைவடிவத்தையே.

அச்சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. அம்மொழியில் ‘சிமிலிஸ்’ என்றால் ‘ஒத்த’ என்று பொருள். ‘அத்’ என்னும் முன்னொட்டு ‘நோக்கி’ எனத் திசை காட்டும். இரண்டும் சேரும்போது முன்னொட்டின் ஈற்றொலி, அடுத்து நிற்கும் ஸகரமாகவே மாறி, ‘அஸ்ஸிமிலாரே’ என்னும் வினை பிறக்கிறது. மொழியியலார் ஓரினமாதல் என்று சொல்லும் இம்மாற்றம் நமக்குப் புதிதன்று. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது னகரம்தான் றகரமாகத் திரிகிறது; குடம் அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்திலும் ‘அசிமிலேஷன்’ தொடக்கத்தில் உணவு உடலாக மாறுவதையே குறித்தது. செரித்தல், உட்கிரகித்தல் ஆகியவற்றை அடுத்து வரும் அந்நிலையை நம் உயிரியல் பாடநூல்கள் ‘தன்மயமாதல்’ என்கின்றன. உண்ட சோறு அங்கே தன் உருவம் எதையும் வைத்துக்கொள்வதில்லை.

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியும் இத்தகைய தன்மயமாக்கலைக் கண்டிருக்கிறது. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, தம் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்கள் புதிய குடும்பப் பெயரும் சூட்டிக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவரான வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ‘லபோர்த்’ ஆனார். சம உரிமையை நாடி, சாதிக் கட்டிலிருந்து விடுபட விரும்பி அவ்வழியில் சென்றவர்களை நான் குறை கூறவில்லை. ஆனால், மாறவேண்டியவர்கள் யார் என்பதில் அந்த ஆணைக்கு ஐயமே இருக்கவில்லை.

இருதரப்பும் தத்தம் மொழியோடும் வழக்கங்களோடும் சேர்ந்து வாழ வகைசெய்யும் ஏற்பாட்டைக் குறிக்க ‘ஒருங்கிணைப்பு’ நமக்குத் தேவைப்படுகிறது. ஆகவே, ஒரு தரப்பை மற்றொன்றாக மாற்றும் கொள்கைகளைக் குறிக்கும் இடங்களில் ‘தன்மயமாக்கல்’ என்றே எழுதுமாறு தங்கள் மொழிபெயர்ப்பாளர்களை அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
புதுச்சேரி.